மகள் சுற்றிக்காட்டிய பெரு

கூஸ்கோவில் தண்ணீர் சீக்கிரமாகக் கொதித்துவிடுகிறது. சோறுதான் வேகமாட்டேன் என்கிறது. மகள் வீட்டுக்குப் போன இரண்டாம் நாள், அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குக் கிளம்பியபின், சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு பானையில் அரிசியைப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். தளதளவென்று கொதித்தது. அரை மணி கழித்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். நடுவில் கல் நின்றது. இன்னும் தண்ணீர் விட்டேன். மறுபடியும் கொதி, மறுபடியும் கல். மத்தியானம் மகள் வந்து மூடியைத் திறந்தாள். வெளியே கஞ்சி, உள்ளே அரிசி.

“அப்பா, ஒசரமான எடத்துல தண்ணி சூடு ஏறாமலே கொதிச்சுடும்னு எங்களுக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?”

“நான்தான்.”

“அப்புறம்?”

“பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தேன். சமையலுக்கு இல்ல.”

அவள் சிரித்துக்கொண்டே பிரஷர் குக்கரை எடுத்தாள். ஒன்பது வருஷத்தில் நான் நேரில் கேட்ட அவளுடைய முதல் சிரிப்பு அது. அந்தச் சிரிப்பைக் கெடுக்கத்தான் பாதி பூமியைச் சுற்றி வந்திருக்கிறேன் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பாட்டனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கக் கப்பலேறி வந்தவர். ஊருக்கு இப்போது யாங்கூன் என்று பெயர். தமிழில் நினைக்கும்போது எனக்கு இன்னும் ரங்கூன்தான். தாமுவே பகுதியில் ஒரு பள்ளியில் முப்பத்து நாலு வருஷம் பர்மிய மொழியில் பூகோளம் கற்பித்தேன். பள்ளிப் பதிவேட்டில் நான் உ தெயின் மவுங். கோயில் அர்ச்சனைச் சீட்டில் சிதம்பரநாதன். தாமுவே சந்தையில் வெறும் சயா, அதாவது வாத்தியார். உலகத்தின் எல்லா ஆறுகளையும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆனால் வேலையில் இருந்தவரை டாலாவுக்குப் போகும் கப்பலைத் தாண்டி நான் கடந்த நீர்ப்பரப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

அந்த டாலாக் கப்பலிலும் காரணமில்லாமல் ஏறியதில்லை. ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில், தின் தின் என்ற பர்மியப் பெண் இருந்தாள். நான் இந்து, அவள் பௌத்தம். அவளைக் கட்டிக்கொண்டதற்காக என் அப்பா இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. “அவ யாரு, எந்தக் கூட்டம், நம்ம பழக்கவழக்கம் என்ன தெரியும் அவளுக்கு?” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். எங்களுக்கு ஒரே பெண். கோமதி என்று பெயர் வைத்தோம், பள்ளிக்கு மீமீ. நாளடைவில் வீட்டிலும் மீமீயே நிலைத்தது. தமிழ் நன்றாகப் புரியும். பேசும்போது பாதி வழியில் பர்மிய மொழிக்குள் இறங்கிவிடுவாள். என் வகுப்பிலேயே படித்தாள். வகுப்பில் சயா, வீட்டில் அப்பா என்று எல்லை வகுத்திருந்தேன். ஒருமுறை டிட்டிகாக்கா ஏரி எந்த நாட்டில் இருக்கிறது என்ற கேள்விக்கு ‘பெரு’ என்று மட்டும் எழுதிவிட்டாள். பாதி பெரு, பாதி பொலிவியா. பாதி விடைக்கு அரை மதிப்பெண் கொடுத்திருக்கலாம். சொந்த மகள் என்று சலுகை காட்டியதாகப் பேச்சு வரக்கூடாதே என்று வெயிலில் நிற்கவைத்தேன்.

அவள் வளர்ந்து பாங்காக்கில் ஓட்டல் வேலைக்குப் போனாள். அங்கே ஹூலியோ என்ற பெரு நாட்டுப் பையனைச் சந்தித்தாள். தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நான் கேட்டது என்ன தெரியுமா? “அவன் யாரு, எந்தக் கூட்டம், நம்ம பழக்கவழக்கம் என்ன தெரியும் அவனுக்கு?” எழுத்துக்கு எழுத்து என் அப்பாவின் பாட்டு. பக்கத்தில் நின்ற தின் தின்னுக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. “நம்ம பழக்கவழக்கம்னா எது, உங்களோடதா, என்னோடதா?” என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. மகள் என்னைக் கேளாமலே அவனைக் கட்டிக்கொண்டு கூஸ்கோவுக்குப் போய்விட்டாள். அதன்பின் தின் தின் படுக்கையில் விழும்வரை அவளிடம் நான் பேசியதெல்லாம் ‘அம்மாகிட்ட கொடுக்கறேன்’ என்ற இரண்டு வார்த்தை மட்டும்.

இனி சொல்லப்போவதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் தின் தின் ஆஸ்பத்திரியில் எட்டு நாள் படுத்திருந்தாள். பிழைக்க மாட்டாள் என்று மூன்றாம் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அவள் “மீமீயை வரச் சொல்லுங்க” என்றாள். நான் சொல்லவில்லை. தினமும் கேட்டாள். “சொல்லிட்டேன், விமானத்துல எடம் கெடைக்கலையாம்” என்று அவளிடம் பொய். மகள் கூப்பிட்டபோது “காய்ச்சல்தான், தூங்கறா” என்று இவளிடம் பொய். தகனமெல்லாம் முடிந்து நாலாம் நாள் கூப்பிட்டு, திடீரென்று முடிந்துவிட்டது என்றேன். இனி வந்து என்ன ஆகப்போகிறது, வராதே என்றேன். ஏழாம் நாள் பிக்குகளுக்கு உணவளித்து, புண்ணியத்தைச் செத்தவர்களோடு பங்குபோட்டுக்கொள்ளச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றுவது பர்மிய வழக்கம். அதற்கும் மகளை வரவிடாமல் பார்த்துக்கொண்டேன். அதிர்ச்சியில் மறந்துபோனேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. கேளாமல் போனவள்தானே, கேளாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பழி என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை.

போன வருஷம் மகள் டிக்கெட் அனுப்பினாள். “வாங்கப்பா, நீங்க படமா வரைஞ்சதையெல்லாம் சுத்திக் காட்டறேன்” என்றாள். அவள் அங்கே சுற்றுலா வழிகாட்டி. ஹூலியோ வேன் ஓட்டுகிறான். மிங்கலாடோனில் விமானம் ஏறும்போதே முடிவு செய்துகொண்டேன்: இதை நேரில் சொல்லிவிட வேண்டும். எங்கே வைத்துச் சொல்வது என்று பாடத்திட்டம் மாதிரி ஒரு பட்டியலும் போட்டேன். முதலில் கோரிகாஞ்சா என்ற சூரியக் கோயில். அங்கே முடியாவிட்டால் மச்சு பிச்சு. அங்கேயும் முடியாவிட்டால் டிட்டிகாக்கா. இதைவிடப் பெரிய இடங்கள் அந்த நாட்டில் இல்லை. இத்தனை பெரிய பாவத்தைச் சொல்ல ஒரு சமையலறை போதாது என்று எனக்கு ஓர் எண்ணம்.

அதற்கு முன் சந்தை. சான் பெத்ரோ சந்தைக்கு மகள் கூட்டிப்போனாள். குளிருக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை, மேலே என் கட்டம்போட்ட லுங்கி. ஒரு கிழவி, ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து பாவாடை உடுத்தவள், என் லுங்கியின் நுனியைப் பிடித்துப் பார்த்து, நல்ல துணி என்று மகளிடம் சான்றிதழ் கொடுத்தாள். பிறகு ஒரு கம்பளிச் சால்வையை என் தோளில் போட்டு விலை சொன்னாள். எனக்குப் பிடித்திருந்தது. நம் வழக்கப்படி ‘ஆகா, நன்றாக இருக்கிறதே’ என்று தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவள் விலையைக் குறைத்தாள். அவள் நியாயத்தை மெச்சி இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். இன்னும் குறைத்தாள். மகள் வேறு கடையிலிருந்து திரும்பி வருவதற்குள் கிழவி கண்கலங்காத குறையாக ஒரு தொப்பியையும் இலவசமாகச் சேர்த்திருந்தாள். “அப்பா, இங்க தலைய அப்பிடி ஆட்டினா வேணாம்னு அர்த்தம்” என்று மீமீ சொன்னபின் முதலில் சொன்ன விலையையே கொடுத்தோம். கிழவிக்கு எங்கள் இருவர் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. ‘எந்த ஊர்’ என்றாள். மியன்மார் என்றாள் மகள். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்து ‘இந்து’ என்றாள். அங்கே இந்தியாக்காரனுக்கு அதுதான் பெயர். ரங்கூனிலும் என் முகத்துக்கு இதே தீர்ப்புதான், சொல்தான் கொஞ்சம் மரியாதைக் குறைவு. ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை சிதம்பரத்துக்குச் சாமி கும்பிடப் போனபோது கோயில் வாசலில் பூக்காரம்மா என் தமிழைக் கேட்டுவிட்டு, “பர்மாக்காரரா?” என்றாள். எந்த ஊர்க்காரன் என்பதை மூன்று ஊர்க்காரர்கள் தீர்மானித்துவிட்டார்கள். என்னைத்தான் யாரும் கலந்துகொள்ளவில்லை.

கோரிகாஞ்சாவின் சுவர்களெல்லாம் ஒரு காலத்தில் பொன் தகடு வேய்ந்திருந்ததாம். வந்த ஸ்பானியர்கள் உரித்து உருக்கிவிட்டு, மிஞ்சிய கல்மேல் தங்கள் மடத்தைக் கட்டிக்கொண்டார்கள். கோயில் என்று சொன்னதும் வாசலிலேயே என் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். ஷ்வேடகோன் பகோடாவில் படிக்கட்டின் முதல் படியிலேயே கழற்றுகிற கால்கள் இவை, யோசனை கேட்பதில்லை. பனிக்கட்டி மாதிரி கருங்கல். மீமீ தன் வழிகாட்டிக் குரலில் விளக்கிக்கொண்டே நடந்தாள். இங்கே பொன்னாலான சூரியன் இருந்தது, இங்கே பொன்னாலான சோளக்கொல்லை இருந்தது, இங்கே வெள்ளி நிலா இருந்தது. நான் பார்த்ததெல்லாம் வெறும் சுவர். ஷ்வேடகோனில் இன்றைக்கும் யாராவது ஒரு பொன் தாளை ஒட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பார்க்கிறவனுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. என் மகள் இல்லாததைக் காட்டிச் சம்பாதிக்கிறாள். அவளுக்குத் தெரியாத இன்னொரு இல்லாததை இப்போது நான் காட்ட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். “மீமீ...” என்றேன். அவள் திரும்பினாள். என் காலைப் பார்த்தாள்.

“ஐயோ, செருப்பு எங்க?”

வாசலுக்கு ஓடினோம். செருப்பு இல்லை. யாரோ அனாதைச் செருப்பு என்று குப்பையில் சேர்த்துவிட்டார்கள்போல. காவலாளி என் வெறுங்காலையும் லுங்கியையும் பார்த்து, இரங்கி, தன் ரொட்டியில் பாதியை என் கையில் வைத்தான். மறுத்தால் வருத்தப்படுவானே என்று சாப்பிட்டேன். ஹூலியோ போய் லாரி டயரை வெட்டித் தைத்த செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்தான். அந்த மலைக்காட்டு விவசாயிகள் போடுவது. “ஸாயா, நல்லது, நூறு வருஷம்” என்று தனக்குத் தெரிந்த நாலு பர்மியச் சொல்லில் மூன்றைச் செலவழித்து, அவனே குனிந்து என் காலில் மாட்டிவிட்டான். நான் பேச மறுத்த மாப்பிள்ளை என் காலைத் தொட்ட முதல் நாள் அது. அன்று வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மச்சு பிச்சுவுக்கு ரயிலிலும் பிறகு பஸ்ஸிலும் போனோம், மகளும் நானும் மட்டும். அந்த இடத்தை வர்ணிக்கப்போவதில்லை, காலண்டரில் பார்த்திருப்பீர்கள். காலண்டரில் இல்லாதது மூச்சிரைப்பு. பத்துப் படிக்கு ஒரு தடவை நான் நிற்க, எனக்குப் பின்னால் ஒரு ஜப்பானியர் கூட்டமே மரியாதையாக நின்றது. சாந்தில்லாமல் கல்லோடு கல்லாகப் பொருத்திய சுவர்கள். நடுவில் கத்தி நுழையாது. மேகம் வந்து எல்லாவற்றையும் மூடியது. விலகியதும் நகரம் முழுவதும் காலடியில் கிடந்தது. இதுதான் சமயம் என்று ஒரு மேடையில் உட்கார்ந்தேன். “மீமீ, உங்கம்மா விஷயமா ஒண்ணு...” என்று தொடங்கினேன். எங்கிருந்தோ ஒரு லாமா வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் பிறந்த மாதிரி முகம். அசைபோட்டுக்கொண்டே என்னையே பார்த்தது. என் அப்பாவுக்கும் வெற்றிலை மெல்லும்போது அதே முகம்தான். மீமீ படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். லாமா போய்த் தொலைந்தபோது என் தைரியமும் கூடவே இறங்கிப் போயிருந்தது.

“என்னமோ சொல்ல வந்தீங்களே?”

“உங்கம்மா இருந்தா இந்தப் படியெல்லாம் ஏறியிருப்பா.”

“ஏறியிருப்பாங்க. உங்களையும் திட்டிக்கிட்டே ஏத்தியிருப்பாங்க.”

நான் திட்டமிட்ட எந்த இடத்திலும் விஷயம் வெளியே வரவில்லை. வந்தது, பட்டியலிலேயே இல்லாத ஒரு கள்ளுக்கடையில். ரயிலிலிருந்து இறங்கி ஹூலியோவின் வேனில் பள்ளத்தாக்கு வழியாகத் திரும்பும்போது, ஒரு வீட்டின் முன்னால் நீளக் கழியில் சிவப்புப் பிளாஸ்டிக் பை பறந்தது. அந்த வீட்டில் இன்றைக்குச் சிச்சா கிடைக்கும் என்பதற்கு அடையாளம் அது. சிச்சா என்பது மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்த பானம். அப்பா ருசி பார்க்கட்டும் என்று நிறுத்தினார்கள். மண் தரை, பெஞ்சு, மூலையில் பெரிய பானை. வீட்டுக்காரக் கிழவி எங்களுக்கெல்லாம் ஊற்றிவிட்டுத் தனக்கும் ஒரு குவளை எடுத்துக்கொண்டாள். குடிப்பதற்கு முன்னால் குனிந்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, குவளையைச் சாய்த்துச் சொட்டுச் சொட்டாகத் தரையில் ஊற்றினாள்.

என் கைகள் தாமாகக் குவிந்தன. கண் மூடிக்கொண்டது. “தாடு, தாடு, தாடு” என்று உரக்கச் சொல்லிவிட்டேன்.

பர்மாவில் ஒருவர் புண்ணியம் செய்து தரையில் தண்ணீர் வார்த்து ‘அம்யா’, பங்கெடுத்துக்கொள்ளுங்கள், என்று மூன்று தரம் சொல்வார். காதில் விழுந்தவர்கள், தெரிந்தவரோ தெரியாதவரோ, வழிப்போக்கரோ, ‘தாடு’ என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். நல்லது, நல்லது, நல்லது என்பது போல. சொன்னால்தான் பங்கு போய்ச் சேரும். நான் இந்துதான், ஆனாலும் நாற்பது வருஷம் ஒரு பர்மியப் பெண்ணோடு குடும்பம் நடத்தியவன். செருப்பைப் போலத்தான் இதுவும், யோசனை கேட்காமல் வந்துவிட்டது. கிழவி பூமித்தாய்க்கு முதல் மடக்கைக் கொடுத்திருக்கிறாள், அவ்வளவுதான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹூலியோ சிரிக்க வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

மீமீ குவளையைக் கீழே வைத்தாள். “அமேக்கு ஏழாம் நாள் யாரு தண்ணி ஊத்தினது?” பர்மிய மொழியில் அம்மாவை ‘அமே’ என்பார்கள், அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

“நான்.”

“தாடு சொல்ல எத்தனை பேர் இருந்தாங்க?”

“முப்பது பேர் இருக்கும். உன் சித்தி, டாலாக்காரங்க, அக்கம்பக்கம்.”

“முப்பது பேர்.” அவள் தரையில் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். “அப்பா, அமே என்னைக் கேட்டாங்களா?”

நாலு வருஷமாக அவள் கேட்காத கேள்வி. இல்லை என்று சொல்ல ஒரு தலையாட்டல் போதும். அந்த ஊரில் என் தலையாட்டலுக்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

“கேட்டா. மூணாம் நாள்லேருந்து தினம் கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உனக்கு விமானம் கெடைக்கலைன்னு.”

“என்கிட்ட?”

“காய்ச்சல்னு. நான் வேணும்னேதான் சொல்லலை, மீமீ. நீ கேளாம போனியேன்னு.”

அவள் அழவில்லை, எனக்குத்தான் மூக்கு ஒழுகியது. சிச்சா அளவுக்கு மீறிப் புளித்துவிட்டதாக்கும் என்று நினைத்த கிழவி, பதறி இரண்டு குவளைகளையும் எடுத்துக்கொண்டு போய், ஸ்ட்ராபெரிப் பழம் போட்ட இனிப்புச் சிச்சாவைக் கொண்டுவந்து வைத்தாள். இளஞ்சிவப்பு நிறம், மேலே நுரை. குடிக்கச் சொல்லி எங்கள் இருவர் முதுகிலும் தட்டினாள். குடித்தோம். அதைவிட இனிப்பான ஒன்றை அதைவிடக் கசப்பாக நான் குடித்ததில்லை.

வேனில் ஏறியதும் மீமீ முன் இருக்கையில் உட்கார்ந்து மைக்கை எடுத்தாள். உள்ளே நான் ஒருவன்தான் பயணி. “வலது பக்கம் பாருங்க சார், அது உருபாம்பா ஆறு” என்றாள். முப்பத்து நாலு வருஷம் சயா என்று கேட்ட காதில் முதன்முறையாக ‘சார்’ விழுந்தது. அடுத்த மூன்று நாளும் அப்படியே. சுற்றிக்காட்டுவதாகச் சொன்ன எதையும் விடவில்லை. உப்புப் பாத்திகள், அடுக்கு வயல்கள், கூஸ்கோவுக்கு மேலே யானை யானையாகக் கற்கள் நிற்கும் கோட்டை. எல்லாவற்றுக்கும் முழு விளக்கம், ஒரு சொந்த வார்த்தை கிடையாது. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, வெந்நீர் வந்தது, கோக்கா இலைத் தேநீர் வந்தது. வெயிலில் நிற்கவைக்க வேறு வழிகளும் இருக்கின்றன என்பதை என் மாணவி எனக்குக் கற்பித்தாள். ஹூலியோதான் பாவம், கண்ணாடியில் என்னைப் பார்த்து அவ்வப்போது தனக்குத் தெரிந்த நாலாவது பர்மியச் சொல்லைச் சொல்வான். “யபாதே, ஸாயா.” பரவாயில்லை.

கடைசியாக டிட்டிகாக்கா. படகில் நாங்கள் மூவரும், படகோட்டியும். கடல் மாதிரி நீலம், ஆனால் உப்பு வாசனை இல்லாத கடல். நாணலை அடுக்கி அடுக்கி மிதக்கவிட்டு அதன்மேல் குடியிருக்கிறார்கள். நம் இன்லே ஏரியில் தக்காளித் தோட்டம் மிதக்கும். இங்கே வீடே மிதக்கிறது. காலை வைத்தால் மெத்தைபோல் அமுங்குகிறது. படகோட்டி தூரத்தில் கையைக் காட்டி ஏதோ சொன்னான். “அங்கிட்டு பொலிவியா” என்று மீமீ மொழிபெயர்த்தாள். கோடு எதுவும் தெரியவில்லை. ஒரே தண்ணீர்.

“இதுக்குத்தான் என்னை வெயில்ல நிக்கவச்சீங்க.”

மூன்று நாளுக்குப் பின் வந்த சொந்த வார்த்தை. சார் இல்லை. நான் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டேன்.

அவள் முதல்நாளே ஏற்பாடு செய்திருந்தாள்போல. மிதக்கும் வீட்டுக் குடும்பத்துக்கும் படகோட்டிக்கும் அவளே சமைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டைப் பரிமாறினாள். குக்கரில் வெந்த சோறு, கோழிக்கறி. மணி பதினொன்று. பிக்குகள் பன்னிரண்டுக்கு மேல் உண்ண மாட்டார்கள் என்பதற்காக நாங்கள் வைத்துக்கொள்ளும் நேரம்; பிக்குவே இல்லாத ஏரியிலும் அவள் அதை மீறவில்லை. எல்லாரும் உண்டு முடித்ததும் நாணல் விளிம்பில் மண்டியிட்டு, ஒரு குவளையிலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஏரியில் விட்டாள். தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். “அம்யா, அம்யா, அம்யா” என்றாள். அம்யா சொன்னதும் அடிக்க வேண்டிய மணிக்குப் பதிலாகக் கரண்டியால் பிளாஸ்கைத் தட்டினாள். நான் கைகுவித்து வாயைத் திறந்தேன்.

“அப்பா, நீங்க சொல்ல வேணாம். நீங்க ஏழாம் நாளே சொல்லிட்டீங்க.”

வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பின்னாலிருந்து, நாக்கு புரளாமல், “தாடு, தாடு, தாடு” என்று குரல் வந்தது. ஹூலியோ. நம்ம பழக்கவழக்கம் என்ன தெரியும் அவனுக்கு என்று கேட்டேனே, இது தெரிந்திருக்கிறது. படகோட்டி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

விமான நிலையத்தில் மகள் என் சால்வையைச் சரிசெய்து, மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தாள், கட்டிக்கொள்ளவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்தே ஆகவேண்டிய சங்கடத்தை அவளுக்கு ஏன் வைப்பது என்று தோன்றியது. வந்து சேர்ந்ததும் “வந்துட்டீங்களா” என்று ஒரு செய்தி. “வந்துட்டேன்” என்று ஒரு பதில். மூன்று மாதம் அவ்வளவுதான். உலகத்தில் பெரும்பாலான நாடுகள் முழு மணிக்கணக்கில் நேரம் வைத்துக்கொள்ளும்போது நமக்கு மட்டும் ஓர் அரை மணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூஸ்கோவுக்கும் நமக்கும் பதினொன்றரை மணி வித்தியாசம். இங்கே அந்தி என்றால் அங்கே விடியல், அரை மணி பிசகோடு. தினமும் மாலை ஆறரைக்குக் கைபேசியைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

போன வாரம் தின் தின்னின் நினைவுநாள். மறுநாள் காலை டாலாவில் மைத்துனி வீட்டில் பிக்குகளுக்கு உணவு. அன்று மாலையே போய்விடலாம் என்று கப்பலேறினேன். காலில் டயர் செருப்பு. தாமுவேயில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் பாக்கியில்லை. மேல்தளம் முழுக்கக் கூட்டம், சைக்கிள்கள், அவித்த முட்டை விற்கிறவள், வெற்றிலைத் தட்டோடு ஒருவன். நடு ஆற்றில் கைபேசி அடித்தது.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“டாலாக் கப்பல்ல.”

“தண்ணி இருக்கா?”

“ஆறு நெறைய இருக்கு.”

“கையில இருக்கான்னு கேட்டேன்.” எரிச்சலுக்குள் ஒரு சிரிப்பு ஓடியதாக நினைத்தேன். இரைச்சலில் சரியாகத் தெரியவில்லை. “இங்க வேன் டிரைவருங்க எல்லாருக்கும் காலைச் சாப்பாடு கொடுத்துட்டேன். இப்ப ஊத்தப்போறேன். நீங்களும் அங்க ஊத்துங்க.”

என் குடிதண்ணீர்ப் புட்டியைத் திறந்தேன். “நான் சொல்லலாமா, மீமீ?”

கூஸ்கோ தூரம், சத்தம் வர நேரமாகும் என்று கம்பியில் சாய்ந்துகொண்டு நின்றேன்.

“சத்தமாச் சொல்லுங்க. அமேக்கும் கேக்கணும், எனக்கும் கேக்கணும்.”

கைபேசியின் ஒலிபெருக்கியை முழுக்க ஏற்றி உயரப் பிடித்தேன். மற்றக் கையால் ஆற்றில் சொட்டுவிட்டேன். மகளுடைய குரல் கப்பல் முழுக்கக் கேட்டது: “அம்யா, அம்யா, அம்யா.” நான் வாயைத் திறப்பதற்குள், முட்டைக்காரி தட்டைக் கீழே வைத்துக் கைகுவித்தாள், வெற்றிலைக்காரன், சைக்கிள்காரர்கள், யாரென்றே தெரியாத ஐம்பது அறுபது பேர், “தாடு! தாடு! தாடு!” என்றார்கள். அந்தச் சத்தத்துக்குள் என்னுடையதும் இருந்தது. அவளுக்குத் தனியாகக் கேட்டிருக்குமா தெரியாது. மூன்றாவது தாடுவின்போது கைபேசியைப் பார்த்தேன், இணைப்பு அறுந்திருந்தது.

கப்பல் டாலாக் கரையில் முட்டி நின்றது. கூட்டம் இறங்கியது. அங்கே சிக்னல் ஒரு கோடும் இல்லை. ரங்கூன் கரையிலும் அந்தத் துறையில் கிடைக்காது. நடு ஆற்றில்தான் கிடைக்கும். மைத்துனி காத்திருப்பாள், போனால் போகட்டும். இறங்காமல் அதே இடத்தில், கம்பியைப் பிடித்தபடி, கப்பல் திரும்பப் புறப்படுவதற்காக நின்றேன்.